இப்போதுள்ளவையும் இனி வருபவையும்

என் கடையைச் சுவாதீனம் எடுக்க வந்தவர்கள் மிகவும் மரியாதைக்காரர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏதோ மனக்குறையில் பேசுகிறேன் என்று நினைப்பீர்கள். மனக்குறை இருக்கிறது, அது வேறு விஷயம். அன்றைக்கு அவர்கள் வாசலிலேயே நின்று கைக்கடிகாரத்தைக் கழற்றினார்கள். சட்டைப்பையைக் காலி செய்தார்கள். பர்ஸ், சாவிக்கொத்து, செல்போன், பெல்ட் எல்லாவற்றையும் படிக்கு வெளியே ஒரு விரிப்பில் பரப்பி வைத்துவிட்டு, பேண்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். நான் அப்போது ஒரு கோட்டுக் காலரில் மைக்கறையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். குளிக்கப் போகிறவர்கள் வழி தவறி வந்துவிட்டார்களோ என்றுதான் முதலில் தோன்றியது.

என்னுடையது டிரை கிளீனிங் கடை. முன்னால் கவுண்டர், பின்னால் கம்பியில் தொங்கும் துணிகள், மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு சலவை இயந்திரம், பக்கத்தில் ஆவி இஸ்திரி மேஜை, கம்பளிகளை நிறுத்துப் பார்க்க ஒரு தராசு. அந்த இயந்திரத்துக்காக ஒரு கடன் வாங்கினேன். ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டி, அவர்கள் வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பு அதை முடித்தும் விட்டேன். கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அப்போதுதான் என் மனைவி வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியிருந்தது. கடன் இல்லாத வீட்டில் பிறக்கப்போகிற பிள்ளை என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வந்தவர்களில் மூத்தவர் மீட்பு அதிகாரி. கூட வந்தவர் எழுத்தர்; சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட ஒல்லி மனிதர்.

"நாங்க மீட்பு நிறுவனத்துலேருந்து வர்றோம் சார்," என்றார் அதிகாரி.

"என் கடன் முடிஞ்சுபோச்சே."

"தெரியும் சார். வாழ்த்துக்கள்."

"அப்புறம் எதை மீட்க வந்தீங்க?"

"பிணையத்தை."

விளக்கினார். கடன் கொடுத்த வங்கி, கையிலிருந்த பிணையப் பத்திரங்களை மொத்தமாக இவர்கள் நிறுவனத்துக்கு விற்றுவிட்டதாம். என் பத்திரத்தில் பிணையம் என்ற தலைப்பின் கீழ் ‘கடைக்குள் இப்போதுள்ளவையும் இனி வருபவையும்’ என்று எழுதியிருக்கிறதாம். கடன் முடிந்ததும் வங்கி ஒழுங்காகப் பிணையப் பதிவகத்தில் விடுவிப்பைத் தாக்கல் செய்திருக்கிறது. ஆனால் தாக்கல் செய்த புண்ணியவான் ‘இன்றைய தேதியில் கடைக்குள் உள்ளவை’ என்று மட்டும் நிரப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். ஆக, அன்று உள்ளே இருந்தவை விடுதலை. அதற்குப் பிறகு வந்தவை பிணையம்.

"அப்ப மெஷின்?"

"அது உங்களுது சார். தாராளமா எடுத்துட்டுப் போகலாம்."

"துணிங்க?"

"அதெல்லாம் அப்புறம் வந்தது. எங்களுது."

"ஐயோ, அது ஜனங்களோட துணி சார்!"

"இருக்கலாம். கடைக்குள்ள வந்துடுச்சே."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். துணியைப் பார்த்த அதே பார்வைதான்.

"விடுவிப்பு பதிவான அன்னைக்கு நீங்க எங்க சார் இருந்தீங்க?"

"கடைசித் தவணை கட்டிட்டு ரசீது வாங்க வங்கியில வரிசையில நின்னுட்டிருந்தேன்."

"அப்ப கடைக்குள்ள இல்ல."

"இல்ல."

"அதுக்கப்புறம்தான் வந்தீங்க."

நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. அதிகாரி வாசலுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் பதிவேட்டை விரித்து, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்: "கடைக்காரர். எண்ணிக்கை ஒன்று. நிலை, நடமாடக்கூடியது."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன்கூட. அவர்கள் சிரிக்கவில்லை என்பதைக் கவனிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"சரி சார், எவ்வளவு கட்டணும்? சொல்லுங்க, புரட்டிக் கட்டிடறேன்."

"நீங்க ஒண்ணும் கட்ட வேண்டியதில்லையே."

"அப்ப விட்டுடுங்க."

"கட்டினாத்தானே விட முடியும்?"

"கட்டறேங்கறேன்!"

"பாக்கி இருந்தாத்தானே சார் கட்டுவீங்க?" அதிகாரி பரிவோடு என்னைப் பார்த்தார். "உங்களுக்குத் தொழில் தெரியாது, சொல்றேன். கடனோட இருக்கற பிணையம் ஒரு தலைவலி. என்னைக்காவது கட்டிட்டு வாங்கிட்டுப் போயிடுவாங்க. கடனே இல்லாத பிணையம் இருக்கு பாருங்க, அதுதான் சுத்தம். அதைத் திருப்பவே முடியாது. எங்க முதலாளி இந்த மாதிரி தேடித் தேடி வாங்கறாரு."

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு தொழிற்பக்தி தெரிந்தது.

இதற்குள் எழுத்தர் துணிகளை எண்ண ஆரம்பித்திருந்தார். திடீரென்று அதிகாரி எழுந்து நின்றார். "கண்ணாடி!" எழுத்தர் கையை முகத்துக்குக் கொண்டுபோனார். கண்ணாடியைக் கழற்றி வைக்க மறந்து அதோடேயே உள்ளே வந்துவிட்டிருந்தார். நிறுவன ஊழியருக்கும், மானம் கருதி அவர் உடுத்திய உடைக்கும் மட்டும் விலக்கு உண்டாம், கண்ணாடிக்குக் கிடையாது. தன் கண்ணாடியைத் தானே கழற்றிக் கவுண்டரில் வைத்துவிட்டு, தன் வாயாலேயே "மூக்குக்கண்ணாடி, ஒன்று" என்று அறிவித்து, சுவரைத் தடவிக்கொண்டு வெளியே போனார் மனிதர். அன்றிலிருந்து அவருக்கு ஏதாவது படிக்க வேண்டுமென்றால் என் கடைக்குத்தான் வருவார். சம்பளச் சீட்டு வந்தால் படிக்கு அந்தப் பக்கம் ஒருவர் விரித்துப் பிடிக்க, இந்தப் பக்கம் நின்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்ப்பார்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர்கள் கிளம்பினார்கள். நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். கதவைப் பூட்டவுமில்லை.

"பூட்டெல்லாம் போட மாட்டோம் சார். பலாத்காரம் எங்க கொள்கையிலயே இல்ல. கதவு திறந்தே இருக்கும்."

"அப்ப நான் போகலாமா?"

"கால் இருக்கு, போகலாம். ஆனா பிணையத்தை இடத்தை விட்டு அகற்றினா குற்றம். யார் அகற்றினாங்கன்னு பார்ப்பாங்க. உங்களை உங்க பொறுப்புலதான் ஒப்படைச்சிருக்கோம், நீங்கதான் காவலர். அதனால தொலைஞ்சதும் நீங்க, தொலைச்சதும் நீங்க. பத்திரத்துல ஜாமீன் கையெழுத்து யாரோடது? உங்க வீட்டம்மாவோடது. சட்டம் அவங்களைத்தான் வந்து கேட்கும். வயித்துப்பிள்ளைக்காரி, எதுக்கு சார்?"

நான் கவுண்டருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மனைவி வந்தாள். சைக்கிள் கடைக்காரர், எங்கள் எதிர்க்கடை, விஷயத்தை முன்பே சொல்லியிருப்பார் போலிருக்கிறது. படிக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிட்டாள்.

"ஏங்க, வெளிய வாங்க. வீட்டுக்குப் போலாம்."

"வரக் கூடாதாம்மா."

"யாரு சொன்னா? கதவுதான் திறந்திருக்கே!"

"அதான் கஷ்டமே."

சொல்லி முடிக்க நேரமாயிற்று. கேட்டுவிட்டு அவள் அழவில்லை, சபித்தாள். வங்கியை, நிறுவனத்தை, டீ குடிக்கப் போனவனை, எல்லாரையும் வரிசையாக. கடைசியில் என்னிடம் வந்தாள். "கேட்டதுக்கெல்லாம் தலையை ஆட்டுவீங்களே! வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு? கடையிலதான் இருந்தேன்னு ஒரு பொய் சொன்னா என்ன குறைஞ்சுபோயிடும்?"

"வரலைம்மா. எனக்குப் பொய் வராது."

"தெரியும். உங்க மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கும்."

அவள் சொன்னது நிஜம். சாயம் போய்விடும் என்று தெரிந்தால் வாடிக்கையாளரிடம் சாயம் போய்விடும் என்றுதான் சொல்லுவேன். இதனாலேயே பல பட்டுப்புடவைகள் அடுத்த தெருக் கடைக்குப் போயிருக்கின்றன. காவலர் என்ற முறையில் தினமும் காலையில், முந்தின நாள் உள்ளே என்னென்ன வந்தது என்று நான் வாக்குமூலம் கொடுக்க வேண்டும். ஒன்றுவிடாமல் கொடுத்தேன். ஒருநாள் உள்ளே வந்த ஒரு பூனையைக்கூட.

அடுத்த சிக்கல் சாப்பாடு. மனைவி டப்பாவைப் படியில் வைத்து ஒரு குச்சியால் உள்ளே தள்ளுவாள். உள்ளே வந்த சாப்பாடு பிணையம். பிணையத்தைச் சாப்பிட்டால் மதிப்புக் குறைப்பு; அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறதாம். அதிகாரி அன்று முழுக்க யோசித்தார். பசியில் எனக்குக் கண் இருட்டியது. மாலையில் அவர் முகம் மலர்ந்தது.

"சார், ஒரு வழி கிடைச்சுது. நீங்க சாப்பிட்டா சாப்பாடு அழியறதில்ல. உங்களுக்குள்ள போய்ச் சேருது. ஒரு பிணையம் இன்னொரு பிணையத்தோட கலக்குது. மொத்த மதிப்பு அப்படியே இருக்கு!"

அதிலிருந்து சாப்பாட்டுக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை கம்பளித் தராசில் ஏறி நிற்க வேண்டும். வித்தியாசம் சரியாக இருந்தால் கையெழுத்து. இயற்கை உபாதை விஷயத்தை அவர்கள் எப்படிக் கணக்கு வைத்தார்கள் என்று தயவுசெய்து கேட்காதீர்கள். காலி டப்பாக்களும் திரும்பிப் போகக் கூடாது என்பதால், எங்கள் வீட்டுப் பாத்திர அலமாரி கொஞ்சம் கொஞ்சமாகக் கடைக்குக் குடிவந்தது. கடைசியில் அவள் செய்தித்தாளில் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

துணி கொடுத்தவர்கள் வந்தார்கள், படிக்கு வெளியே நின்று கத்தினார்கள், போனார்கள். விடாமல் வந்தவர் ஒரு வக்கீல். அவருடைய கறுப்புக் கோட்டு என்னிடம் இருந்தது. அந்த மைக்கறைக் கோட்டுதான். எங்கள் இருவர் வழக்கையும் தானே நடத்துவதாகச் சொன்னபோது எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஒரே வாதத்தில் வழக்கு முடிந்துவிடும் என்று அவர் கையை ஓங்கிக் காட்டினார். மறுநாள் தொங்கிய முகத்தோடு வந்தார்.

"கோட்டு இல்லாம நீதிமன்றத்துல நிக்க விட மாட்டேங்கறாங்க."

"இன்னொருத்தர்கிட்ட இரவல் வாங்கலாமே சார்?"

அவர் தன் தொந்தியை ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த அளவில் நகரத்தில் இன்னொரு வக்கீல் இல்லை. கோட்டு கிடைக்க வழக்குப் போட வேண்டும், வழக்குப் போடக் கோட்டு வேண்டும். புதிதாகத் தைக்கக் கொடுத்தார். தையற்காரர் அளவுக்கு ஒரு பழைய கோட்டைக் கேட்டாராம். அதற்குப் பிறகு வக்கீல் அந்தப் பக்கமே வரவில்லை.

மனைவி பதிவகத்துக்கு நடந்தாள். எட்டு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு, மாடிக்கும் கீழுக்கும். பதிவதற்குக் கீழே கவுண்டர், விடுவிப்பதற்கு மேலே கவுண்டர். மேலே இருப்பவர் விடுப்பில். அவள் விடவில்லை. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பெஞ்சில் பிரசவமாகிவிடுமோ என்று பயந்துதான் பதிவாளரே நேரில் என் கடைக்கு வந்தார் என்று நினைக்கிறேன். நடைபாதையில் நாற்காலி போட்டார்கள். குடை பிடித்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

"பொதுமக்கள் பதிவகத்தைத் தப்பாப் புரிஞ்சுக்கறாங்க. நாங்க பதிவு பண்ணா அது உண்மைன்னு நினைக்கறாங்க. உண்மையைப் பத்தி நாங்க எங்கயும் எதுவும் சொன்னதில்ல. கொண்டுவந்து கொடுத்தா வாங்கி வைப்போம். அதுல என்ன எழுதியிருக்குன்னு படிக்க மாட்டோம். நான் பணியில சேர்ந்த நாள்லேருந்து ஒரு பத்திரம்கூடப் படிச்சதில்ல. படிச்சா பொறுப்பு வந்துடும் பாருங்க."

"ஐயா, ஒரு மனுஷனைப் பொருள்னு எழுதியிருக்காங்களே, அதையாவது..." என்றாள் மனைவி.

"அம்மா, அப்படி எழுதியிருந்தா பதிவகம் அதை மதிக்கும். மனுஷன் இல்லேன்னு நாங்க சொல்லலை. மனுஷன்தான்னு நீங்களும் பதிவு பண்ணிக்கலாம். கட்டணம் ஒண்ணுதான். ரெண்டு பதிவும் பக்கத்துல பக்கத்துல இருக்கும். எது முன்னாடி பதிவாச்சோ அதுக்கு முன்னுரிமை."

எழுந்தார். போகும்போது ஆறுதலாக ஒன்று சொன்னார். எந்தப் பதிவுக்கும் ஐந்து வருடம்தான் ஆயுள், அதற்குப் பிறகு தானாகக் காலாவதியாகிவிடும். யாராவது புதுப்பித்தால் ஒழிய.

நடுவில் ஏலம் ஒன்று நடந்தது. சட்டப்படி விற்றுப் பார்க்க வேண்டுமாம். வாசலில் தண்டோரா போடாத குறை. அடுத்த தெரு டிரை கிளீனிங் கடைக்காரன், என் பட்டுப்புடவைகளைச் சுருட்டியவன், முதல் வரிசையில் நின்றான். துணிகளுக்கு ஒரு நல்ல விலை கேட்டான். அதிகாரி, துணிகளும் கடைக்காரரும் ஒரே தொகுதி, பிரித்துத் தர முடியாது என்றார். அவன் என்னைக் கவுண்டரைச் சுற்றி நடக்கச் சொன்னான். நடந்தேன். "பொய் சொல்ல வருமா?" என்று கேட்டான். "வராது," என்றேன். "அப்ப என் கடைக்கு லாயக்கில்ல," என்று போய்விட்டான். அதன் பிறகு அடிமாட்டு விலைக்குக்கூட யாரும் கேட்கவில்லை. வெட்கக்கேடு என்னவென்றால், எனக்கு அது வருத்தமாக இருந்தது.

என் மனைவி கேட்டாள். கையிலிருந்த இரண்டு வளையல்களைக் கழற்றித் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "நான் எடுத்துக்கறேன் சார்," என்று கூட்டத்தின் பின்னாலிருந்து சொன்னாள். ஜாமீன்தாரர் ஏலம் கேட்கக் கூடாது என்று எழுத்தர் சொன்னார். சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டார். கண்ணாடி இல்லாமல் அவளுடைய முகம் அவருக்குத் தெரிந்திருக்காது, இருந்தாலும் குனிந்துகொண்டார்.

பிரசவத்துக்கு நாள் நெருங்கிவிட்டது. மனைவி ஒரு நாள் ஏறக்குறைய ஓடிவந்தாள். அந்த நிலையில் அவள் ஓடியதைப் பார்த்து நான் படிவரை வந்துவிட்டேன். கையில் ஒரு உறை. மாடிக் கவுண்டர்க்காரர் விடுப்பு முடிந்து வந்துவிட்டாராம். ‘கடைக்காரர், எண்ணிக்கை ஒன்று, விடுவிக்கப்படுகிறது’ என்று முத்திரையோடு அசல் உத்தரவு.

அதிகாரி அதை வாங்கி நின்றபடியே மூன்று தரம் படித்தார். "சபாஷ்!" என்றார். மனதாரச் சொன்னார். "எல்லாம் சரியா இருக்கு. இனி காவலர் கையில இதைச் சார்வு செய்யணும், அதாவது நேர்ல சேர்ப்பிக்கணும். அவ்வளவுதான்."

காவலர் நான்தான். கையை நீட்டினேன். அவர் உறையைப் படிக்கு மேலே நீட்டினார், நான் வாங்கினேன். அப்புறம் அவர் உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்தார்.

"விடுவிப்பு உத்தரவு. எண்ணிக்கை ஒன்று."

"சார்?"

"கடைக்குள்ள வந்துடுச்சே சார்."

"அது என்னை விடச் சொல்ற உத்தரவு சார்!"

"ஆமாம், ரொம்ப நல்ல உத்தரவு. ஆனா இப்ப அது எங்க சொத்து. எங்க சொத்தை எங்களுக்கு விரோதமா நீங்க எப்படிப் பயன்படுத்த முடியும்?"

"அப்ப வெளியவே வச்சு அமல்படுத்தியிருக்கலாமே!"

"வெளிய வச்சா சார்வு ஆகாது. சார்வு ஆகலேன்னா செல்லாது." அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "இன்னொண்ணு வாங்கிட்டு வாங்கம்மா. அசல் ஒண்ணுதான் தருவாங்க, இருந்தாலும் கேட்டுப் பாருங்க."

என் மனைவி இந்தத் தடவை சபிக்கவில்லை. நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சைக்கிள் கடைக்காரர் ஓடிவந்து தூக்கினார், ஆட்டோவில் ஏற்றினார். நான் படியில் நின்றேன். ஒரு அடி எடுத்து வைத்தால் நடைபாதை. எடுத்துவைக்கக் காலைத் தூக்கினேன். "அம்மாவைத்தான் சார் பிடிப்பாங்க," என்றார் அதிகாரி, மெதுவாக, ஒரு அண்ணன் சொல்வது போல. ஆஸ்பத்திரியில் இருப்பவளைப் பிடிப்பார்களா என்று கேட்டேன். அங்கே பிடிப்பது சுலபம், ஓட மாட்டார்கள் என்றார். தூக்கிய காலை உள்ளேயே வைத்தேன். அந்தக் காலை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மறுநாள் சைக்கிள் கடைக்காரர் தெருவின் நடுவில் நின்று கத்தினார். "பொண்ணு! ரெண்டு பேரும் சௌக்கியம்!" நான் தராசைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எழுத்தர் என் தோளைத் தட்டிக் கொடுக்க வந்தார், கொஞ்சம் தள்ளித் துணியைத் தட்டிக் கொடுத்தார்.

உடம்பு தேறியதும் அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். படிக்கு ஒரு முழம் முன்னால் நின்றாள். வெள்ளைத் துணிக்குள் கொஞ்சம் முடியும் ஒரு மூக்கும் தெரிந்தன.

"என் மூக்கும்மா."

"உங்க மூக்குதான். பாவம்."

கை பரபரத்தது. ஆனால் தூக்கிக்கொள்ளக் கேட்கவில்லை. தூக்க வேண்டுமென்றால் குழந்தை உள்ளே வர வேண்டும். அதிகாரி ஏற்கெனவே பேனா மூடியைக் கழற்றிவிட்டார்.

"பாப்பாவுக்கு என்னங்க பேரு?" வாஞ்சையாகத்தான் கேட்டார்.

"எதுக்கு?" என்றாள் மனைவி.

"பொருள்னா விவரம் போதும்மா. ஆள்னா பேர் வேணும்; சார் பேர் பத்திரத்துலயே இருந்துச்சு. பதிவகத்துல ஆளைப் பேரை வச்சுத்தான் தேட முடியும். பேர் இல்லாம எழுதினா பதிவே செல்லாது."

மனைவி அவரையே பார்த்தாள். அவள் மூளை வேலை செய்வது எனக்குத் தெரியும்; இடது புருவம் கொஞ்சம் ஏறும்.

"பேர் இல்லேன்னா எழுத முடியாதா?"

"முடியாதும்மா."

"எழுதலேன்னா உள்ள வந்தாலும் திரும்ப வெளிய போகலாமா?"

அதிகாரி பதிவேட்டின் முன்பக்க விதிகளைப் புரட்டினார். நேரம் எடுத்துக்கொண்டார். நேர்மையான மனிதர், இல்லையென்று சொல்ல முடியாது. "போகலாம்," என்றார்.

"இவளுக்கு இன்னும் பேர் வைக்கலை சார்."

"வச்சதும் சொல்லணும்."

"உங்ககிட்டயா?"

"எங்ககிட்ட இல்ல. தெருவுல கேட்டு எழுதினா அது வதந்தி. உள்ள வந்ததைப் பத்தி உள்ள இருக்கற காவலர்தான் வாக்குமூலம் கொடுக்கணும். சார்தான் சொல்லணும். சாருக்குத் தெரிஞ்ச அன்னைக்குப் பாப்பா பேரை எழுதிக்குவோம்."

அவள் முன்னால் வந்து, படிக்கு மேலே கையை நீட்டி, குழந்தையை என் கையில் வைத்தாள். கம்பளி நிறுத்துப் பழகிய கை எனக்கு. அவ்வளவு லேசாக ஒன்று அதில் வந்ததில்லை. குழந்தை கொட்டாவி விட்டது. அதிகாரி பேனாவை மூடினார்.

ஐந்து வருடத்தை எண்ணிக்கொண்டிருந்தோம். பதிவு காலாவதியாக வேண்டிய அன்று மனைவி புதுச்சட்டை ஒன்றை வாங்கிப் படிக்கு வெளியே பிடித்துக்கொண்டு நின்றாள். நான் முகம் மழித்துக்கொண்டு காத்திருந்தேன். அதிகாரி எப்போதும்போலப் பத்து மணிக்கு வந்தார். முந்தின நாளே நிறுவனம் புதுப்பித்துவிட்டது என்றார். அதற்குத் தனிக் கவுண்டராம். அங்கே மட்டும் வரிசையே கிடையாதாம்.

என் மகளுக்குப் பேர் இருக்கிறது. வைக்காமல் இருக்க முடியுமா? பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறார்கள், வாத்தியார் வருகை எடுக்கிறார், கூடப் படிக்கிற பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள். தெருவில் எல்லோருக்கும் தெரியும். சைக்கிள் கடைக்காரர் அவளைக் கூப்பிட வாயெடுத்தாரென்றால், என் கடைப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, "ஏ குட்டி" என்று மாற்றிக்கொள்வார். எழுத்தருக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். நல்ல பேர் என்று மனைவி சொன்னாள். அதற்கு மேல் சொல்ல மாட்டாள். தெரிந்தால் மறுநாள் காலையில் அதிகாரி கேட்பார், நான் சொல்லிவிடுவேன். அவளுக்கு என்னைத் தெரியும்.

மகள் தினமும் பள்ளி விட்டதும் ஓடிவருவாள். உள்ளே வந்து இஸ்திரி மேஜைக்கு அடியில் விளையாடுவாள், தராசில் ஏறி எடை பார்ப்பாள், போய்விடுவாள். அந்தப் படியை அவளைத் தவிர வேறு யாரும் அப்படித் தாண்டுவதில்லை. நேற்று கவுண்டர்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு என் மோவாயைப் பிடித்துத் திருப்பினாள்.

"அப்பா, இன்னைக்கு டீச்சர் எனக்கு என் பேர் எழுதக் கத்துக்குடுத்தாங்களே. சொல்லட்டா? என் பேரு..."

நான் அவள் வாயைப் பொத்தினேன்.